பட்டம் பெறாத பறவை அறிஞர்

பரத்பூரிலே, கியோலாதேவ் நீர்நிலையருகே கல்வெட்டு ஒன்று நிற்கிறது. வென்ற நாடுகளின் பட்டியலல்ல அது. கொன்ற பறவைகளின் பட்டியல்! வைஸ்ராய் லின்லித்கோவுக்காக 1938ஆம் ஆண்டு நடத்திய வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் பலி. கடுங்குளிருக்குத் தப்பி இமயம் தாண்டி வந்த வாத்துகளுக்குச் சமஸ்தானம் அளித்த விருந்தோம்பல் இது!

அந்த நீர்நிலையைக் காக்க விடாது வாதாடியவர் சலீம் அலி.

1896இல் பம்பாயில் பிறந்தவர். பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். சிறுவனாக இருக்கையில், காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்திலே மஞ்சள் தீற்று! என்ன குருவி? விடை தேடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். பாடம் செய்த பறவைகளைச் செயலாளர் மில்லார்டு அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அன்று பிடித்த பித்து, இறுதிவரை விடவில்லை.

பர்மாவிலே குடும்ப வணிகம், கைகூடவில்லை. பல்கலைக்கழகப் பட்டமோ இல்லை. பட்டமில்லாதவருக்குப் பதவியில்லை என்றது அரசின் விலங்கியல் ஆய்வுத்துறை. பெர்லினில் ஸ்ட்ரேஸ்மானிடம் பயின்று திரும்பினார். இருந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது!

சோர்ந்தாரா? கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரிலே, 1930இல், தூக்கணாங்குருவிகளைக் கவனித்தபடி அமர்ந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டும், பெண் வந்து பார்க்கும், பிடித்தால் குடியேறும். மீதியைக் கட்டி முடித்ததும் ஐயா அடுத்த வீட்டுக்கு அடித்தளமிடுவார், அடுத்த துணைக்காக! நம் பனைமரந்தோறும் நடக்கும் நாடகந்தான். பொறுமையாகப் பார்த்து எழுதியவர் அவர். 1941இல் இந்தியப் பறவைகள் நூல், பிறகு ரிப்ளியுடன் பத்துத் தொகுதிகள். பட்டம் கேட்டவர்களும் அவற்றைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பின் பரத்பூரில் புதுச் சிக்கல். அஜான் அணை நீரை நிறுத்தி, நிலத்தை உழவேண்டும் என்றனர் சுற்றுவட்டார மக்கள். நிலமற்றவன் நிலம் கேட்பது குற்றமா? அல்லவே. ஆனால் நீர் போனால் பறவையும் போகும் என்றார் சலீம் அலி. நீர்நிலை பிழைத்தது.

இதோடு நிறுத்தினால் பாராட்டுரையாகிவிடும். மாடு மேய்ப்பதைத் தடுக்கவேண்டும் என்பதும் அவர் கருத்து. 1982இல் தடை வந்தது, எதிர்த்த கிராமத்தார் மீது துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயின. அன்று வைஸ்ராய்க்காக வாத்துகள் விழுந்தன. இன்று வாத்துகளுக்காக மனிதர்கள் விழுந்தனர்.

1987இல் சலீம் அலி மறைந்தார். எருமைகள் மேயாமல் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது, வாத்துகளுக்கு இடம் சுருங்கியது என்று பின்னர் ஆய்வறிக்கை தந்தது, அவர் படியேறிய அதே கழகம்.