விசைக்குப் பதில் தூரம்: முல்லைப் பெரியாறு அணையை பென்னிகுயிக் கட்டியது எப்படி?

கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். மலை தொடங்கியதும் டிரைவர் கியரைக் குறைப்பார், இன்ஜின் சத்தம் கூடும், வண்டி மெதுவாகிவிடும். சாலையோ நேராக ஏறாமல் வளைந்து வளைந்து போகும். மலையை நேராக வெட்டி ரோடு போட்டிருந்தால் தூரம் பல மடங்கு குறைந்திருக்குமே? குறைந்திருக்கும்தான். ஆனால் எந்த பஸ்ஸும் ஏறாது.

இதே சிக்கலைத்தான் சுமார் 140 வருஷத்துக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு இன்ஜினீயர் சந்தித்தார். தேனி மாவட்டத்தில் இன்றும் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைக்கிறார்கள். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

யார் இவர்?

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்து போனார்கள். எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தபோது ஜானுக்கு இந்த இழப்பு. பிறகு இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரி, அதன்பின் கிழக்கிந்திய கம்பெனியின் அடிஸ்கோம் ராணுவக் கல்லூரி எனப் படித்து முடித்து, ராணுவ இன்ஜினீயராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை அவருடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதை ஆராய்ந்தார். 1808-ல் ஆய்வு செய்த கேப்டன் கால்டுவெல், நடக்காத காரியம் என்று ஒதுக்கினார். 1860-களில் மேஜர் ரைவ்ஸ் ஒரு திட்டம் போட்டார், அதுவும் கிடப்பில் கிடந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த பிறகுதான் அரசு விழித்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம்.

பிரச்சினை கட்டுவதில் மட்டும் இல்லை

அணை வர வேண்டிய இடம் அடர்ந்த காடு. பக்கத்தில் ஊர் கிடையாது. ரயில் வந்து நின்றது அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைரோடு ஸ்டேஷன். அங்கிருந்து மலையடிவாரக் கூடலூருக்கே சுமார் 100 கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பயணம். அப்புறம் 400 மீட்டருக்கும் மேல் செங்குத்தான ஏற்றம். கல் அணைப் பக்கத்திலேயே கிடைத்தது. ஆனால் சுண்ணாம்பு, கருவி, அரிசி எல்லாம் கீழே இருந்துதான் போகணும்.

இங்கே கொஞ்சம் இயற்பியல். 100 கிலோ மூட்டையை 400 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை சுமார் 3.9 லட்சம் ஜூல். தலைச்சுமையாகக் கொண்டுபோனாலும், வண்டியில் போனாலும், கயிற்றில் இழுத்தாலும் மூட்டைக்கான இந்தக் கணக்கு மாறாது. எந்த இயந்திரமும் வேலையைக் குறைப்பதில்லை. உராய்வால் கொஞ்சம் கூட்டத்தான் செய்யும்.

அப்புறம் எதற்கு இயந்திரம்? மனுஷனுக்கோ மாட்டுக்கோ ஒரே நேரத்தில் கொடுக்க முடிகிற விசைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் வேலையை அடக்குவதுதான் இயந்திரம் செய்யும் உதவி. ஒரு மீட்டர் உயர மேடைக்கு 100 கிலோவை நேராகத் தூக்க முழு பலமும் வேண்டும். ஐந்து மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்துத் தள்ளினால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 20 கிலோ தூக்கும் விசை போதும். பதிலுக்கு ஐந்து மடங்கு தூரம் தள்ளணும். வெள்ளிமலை ரோடு வளைவது இதற்காகத்தான். மலைப்பாதை என்பது மலை மேல் சுற்றி வைத்த ஒரு சாய்தளம், அவ்வளவுதான்.

நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு. எளிய இயந்திரங்கள் இந்த ஆறுதான். இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூட்டு இயந்திரம். உதாரணம் தேடி ஃபேக்டரிக்குப் போக வேண்டாம், பாட்டியின் பாக்குவெட்டியைப் பாருங்கள். கைப்பிடி இரண்டும் நெம்புகோல், வெட்டும் முனை ஆப்பு. மாட்டு வண்டியும் அப்படித்தான்: சக்கரமும் அச்சும், கூடவே நெம்புகோலாக நிற்கும் ஏர்க்கால். (கிணற்றில் தொங்கும் ஒற்றைக் கப்பி விசையைக் குறைப்பதில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அது இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. குடத்தோடு சேர்ந்து மேலே வரும் இன்னொரு கப்பி இருந்தால்தான் விசை பாதியாகும்.)

பென்னிகுயிக் குழு மலையில் கட்டியது இதன் பெரிய வடிவம். அடிவாரத்தில் இருந்து தேக்கடி வரை இரும்புக் கம்பி வடம் கட்டி, கப்பிகள் மேல் ஓடவிட்டு, அதில் சுமையைத் தொங்கவிட்டு மேலே அனுப்பினார்கள். அங்கிருந்து அணை இருக்கும் இடத்துக்கு வண்டியும் படகும். கம்பி வடத்தை இழுத்தது மாடு இல்லை, தண்ணீரில் சுழன்ற டர்பைன். கப்பியும் சக்கரமும் விசையை மாற்றிக் கொடுக்குமே தவிர, ஆற்றலை உண்டாக்காது. அது வெளியே இருந்து வரணும். இங்கே விழும் தண்ணீர் அதைக் கொடுத்தது.

தண்ணீரைத் திருப்ப மலையைக் குடைந்து ஒன்றரை கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம். அங்கே ஆப்புதான் ராஜா. உளியின் கூர் முனை சம்மட்டி அடியை ஒரு சின்னப் புள்ளியில் குவிக்கும். ஓட்டை விழுந்ததும் வெடிமருந்து.

அணையே ஒரு நெம்புகோல் கணக்குதான். தேங்கிய தண்ணீர் அணையைத் தள்ளி, அதன் கீழ்ப்பக்க விளிம்பை ஆதாரமாக வைத்துக் கவிழ்க்கப் பார்க்கும். அணையின் சொந்த எடை அதை எதிர்த்து அழுத்திப் பிடிக்கும். அதனால்தான் எடை அணை என்று பெயர். அஸ்திவாரத்தில் இருந்து 176 அடி உயரம், சுமார் 1,200 அடி நீளம். சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் பொடியும் கலந்த காரையால் எழுந்தது.

ஆனால் எந்தக் கணக்கும் வெள்ளத்துக்கு அடங்கவில்லை. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளைத் தண்ணீர் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. சென்னை பயனியர் படை வீரர்கள், கொச்சியில் இருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்கள், பெயர் பதிவாகாத கூலித் தொழிலாளர்கள் எனப் பலர் அந்தக் காட்டில் வேலை பார்த்தார்கள். மலேரியா, காலரா போன்ற நோய்களில் இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். அணைப் பக்கத்தில் கல்லறைகள் இருக்கின்றன. இயந்திரம் சுமையைத்தான் குறைத்தது, கொசுவுக்கு அதனிடம் பதில் இல்லை.

அரசு பணத்தை நிறுத்தியதால் மனைவியின் நகையை விற்று அவர் அணை கட்டினார் என்ற கதை கம்பம் பள்ளத்தாக்கில் ரொம்பப் பிரபலம். அன்பில் வளர்ந்த கதை என்றே அதை எடுத்துக்கொள்ளலாம். பதிவுகளின்படி செலவு செய்தது சென்னை மாகாண அரசு.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார். அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி வைகையில் சேர்ந்தது. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்கள் அதை நம்பியிருக்கின்றன. அணையில் எத்தனை அடி தேக்குவது என்று தமிழகமும் கேரளமும் பல வருஷம் வழக்காடின. 142 அடி வரை தேக்கலாம் என 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியப் பணி முடிந்து இங்கிலாந்து திரும்பிய பென்னிகுயிக், இந்தியாவுக்கு இன்ஜினீயர்களை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவரானார். 1899-ல் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த யோசனை சொல்ல ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் வரை போய் வந்தார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார். லோயர்கேம்பில் தமிழக அரசு கட்டிய மணிமண்டபம் 2013-ல், அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15-ல் திறக்கப்பட்டது.