குயவர் மகனுக்காகக் கலைந்த சங்கம்



இந்த இதழில் ஒரு கால்பந்தாட்டக்காரரின் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறேன். பந்தாட்டம் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இதில் ஆட்டம் பாதி, ஒரு சங்கத்தின் உறுப்பினர் சேர்க்கை மீதி. உறுப்பினர் சேர்க்கை என்றால் என்ன பாடு என்பது நம் கமிட்டியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அவர் பெயர் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. சிரிக்க வேண்டாம். வங்காளத்தில் அது ஒரு குடும்பப் பெயர். முழு நிர்வாகப் பொறுப்பு வகித்தவர்களுக்குக் கொடுத்த பழைய பட்டம் நாளடைவில் வீட்டுப் பெயராகிவிட்டது. இந்தியக் கால்பந்தின் தந்தை என்று கல்கத்தாவில் இவரைத்தான் சொல்கிறார்கள்.

1869 ஆகஸ்ட் 27-ல் பிறந்தார். அப்பா சூர்யகுமார் சர்வாதிகாரி பெயர் பெற்ற டாக்டர். அண்ணன் தேவபிரசாத் பிற்காலத்தில் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். இன்னொரு சகோதரர் சுரேஷ் பிரசாத் அறுவை சிகிச்சை நிபுணர். படிப்பும் வசதியும் அந்தஸ்தும் குறைவில்லாத வீடு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

1877-ல் பையனுக்கு எட்டு வயது. அம்மாவோடு கங்கையில் குளிக்க வண்டியில் போகிறான். வழியில் மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் பந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பையன் வண்டியிலிருந்து இறங்கி வேடிக்கை பார்க்கிறான். பந்து அவன் பக்கம் உருண்டு வருகிறது. திருப்பி உதைக்கச் சொல்கிறார்கள், உதைக்கிறான். கால்பந்தை உதைத்த முதல் இந்தியன் என்று அவனைச் சொல்வது அதனால்தான். அதற்கு முன் வேறு யாருமே உதைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உதைத்ததோடு நிற்காமல் அதைத் தொடர்ந்து நடத்தியவன் இவன்தான்.

அடுத்ததாக ஹேர் பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த பையன்களிடம் காசு வசூல் செய்தான். பௌபஜாரில் இருந்த மாண்டன் கம்பெனிக்குப் போய் ஒரு பந்து வாங்கினார்கள். வாங்கி வந்தது ரக்பி பந்து, முட்டை வடிவத்தில் இருப்பது. பையன்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாத அந்தப் பந்தை வைத்துக்கொண்டு பள்ளி மைதானத்தில் முண்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளாகம் பிரசிடென்சி கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்த ஸ்டாக் என்ற ஆங்கிலேயர் இதைக் கவனித்து, இது வேறு ஆட்டத்துக்கான பந்து என்று விளக்கினார். உருண்டைப் பந்தும் கிடைக்கச் செய்து, ஆட்டத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

அன்றைக்குக் கால்பந்து எவ்வளவு இளசான விளையாட்டு என்று பாருங்கள். லண்டனில் கூடி அதற்கு விதிகளை எழுதியதே 1863-ல்தான். பதினான்கே வருடத்தில் கல்கத்தாப் பள்ளிப் பையன்கள் கையில், இல்லை, காலில் வந்துவிட்டது. அப்புறம் நம் நாட்டில் அது பரவியது பட்டாள முகாம்கள் வழியாகவும் கல்லூரி மைதானங்கள் வழியாகவும்தான். கோட்டையும் ஊரிசு கல்லூரியும் இருக்கிற வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாகேந்திர பிரசாத் பிரசிடென்சி கல்லூரியிலும் படித்தார். ஆட்டத்தில் கெட்டிக்காரர். அதைவிட ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர். பாய்ஸ் கிளப், ஃப்ரெண்ட்ஸ் கிளப், பிரசிடென்சி கிளப், வெலிங்டன் கிளப் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினார். இருபது வயதுக்குள் இத்தனை சங்கம். நமக்கு ஒன்றை நடத்தவே மூச்சு வாங்குகிறது.

வெலிங்டன் கிளப்பில்தான் விஷயம் வந்தது. உறுப்பினர்கள் பெரும்பாலும் வசதியான மேல்சாதிக் குடும்பத்துப் பையன்கள். மணி தாஸ் என்ற இளைஞனைச் சேர்க்க வேண்டும் என்று நாகேந்திர பிரசாத் விரும்பினார். நல்ல ஆட்டக்காரன், ஆனால் அப்பா குயவர். பானை செய்பவர் மகனோடு சரிசமமாக ஆடுவதா என்று உறுப்பினர்கள் எதிர்த்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில் ஆச்சரியம் ஒன்று உண்டு. அவர்கள் உதைத்தது தோல் பந்து. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் ஷாப்புகளுக்கு நடுவில் வாழ்கிற நமக்கு ஒரு தோல் பதமாகி வர எத்தனை பேர் கைபட வேண்டும் என்பது தெரியும். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களை ஊர் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதும் தெரியும். அந்தத் தோலைக் காலிலும் தலையிலும் வாங்கிக்கொள்ளத் தடையில்லை. மண் பிசைந்தவரின் மகன் மட்டும் ஆகாது என்றால், அது என்ன கணக்கு?

நாகேந்திர பிரசாத்துக்கு அப்போது பல வழிகள் இருந்தன. பெரும்பான்மை முடிவு என்று பேசாமல் இருந்திருக்கலாம். மணி தாஸிடம் தனியாக வருத்தம் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். நம் போன்ற கமிட்டிக்காரர்கள் செய்வதுபோல் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கலாம். அவர் கிளப்பையே கலைத்துவிட்டார். தானே தொடங்கி, தானே ஆள் சேர்த்து வளர்த்த சங்கம் அது. மேலே சொன்ன குடும்பப் பெருமையைப் பார்த்தால், மணி தாஸ் பக்கம் நின்றதால் அவருக்கு லாபம் ஒன்றும் இல்லை.

நம் குடியிருப்பில் வாடகைக்கு வருகிறவரிடம் வேலையும் சம்பளமும் கேட்டு முடித்த பிறகு, வேறொன்றைத் தெரிந்துகொள்ள எத்தனை சுற்றுவழியாகக் கேட்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதைப் படித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

பிறகு 1880-களின் பின்பாதியில் ஷோபாபஜார் கிளப் தொடங்கியது. ஷோபாபஜார் அரச குடும்பம் ஆதரவு கொடுத்தது. நாகேந்திர பிரசாத் அந்தக் குடும்பத்து மாப்பிள்ளை. அரண்மனைப் பெயரில் தொடங்கிய கிளப்பில் சாதி பார்த்துச் சேர்ப்பதில்லை என்று ஆனது. மணி தாஸ் உறுப்பினரானார்.

1889-ல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பைப் போட்டி தொடங்கியபோது கலந்துகொண்ட ஒரே இந்திய அணி ஷோபாபஜார். மற்றவை ஐரோப்பியர் அணிகளும் பட்டாள அணிகளும். மூன்று வருடம் கழித்து, 1892-ல், அதே போட்டியில் ஷோபாபஜார் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்தது. எதிரே பூட்ஸ் அணிந்த சிப்பாய்கள். இவர்கள் வெறுங்கால். பூட்ஸ் காலால் ஒரு மிதி வாங்கினால் விரல் போய்விடும் என்பதை ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள். ஆங்கிலேய அணி ஒன்றைப் போட்டியில் இந்திய அணி வென்றது அதுதான் முதல் முறை. கோப்பை ஷோபாபஜாருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு ஆட்டம் பேசப்பட்டது. 1911-ல் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கியதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதற்குப் பத்தொன்பது வருடம் முந்தியது இது.

1893-ல் இந்தியக் கால்பந்துச் சங்கம், அதாவது அந்த ஐ.எஃப்.ஏ., உருவானது. பெயரில்தான் இந்தியா, நிர்வாகம் ஏறக்குறைய முழுக்க ஐரோப்பியர் கையில். அந்த வருடம் ஷீல்டு போட்டியில் ஆடிய ஒரே இந்திய அணியும் ஷோபாபஜார்தான். 1898-ல் கல்கத்தா லீக் தொடங்கியது. அதில் இந்திய அணிகளுக்கு இடமே இல்லை. 1914-ல்தான் கதவு திறந்தது, அதுவும் பாதி. முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் கூடாது என்று அப்புறமும் வெகுகாலம் கட்டுப்பாடு இருந்தது. மணி தாஸை வேண்டாம் என்ற பையன்கள் அப்போது நடுத்தர வயதில் இருந்திருப்பார்கள். வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் காட்டிவிட்டார்கள்.

நாகேந்திர பிரசாத் 1940 ஜனவரி 17-ல் காலமானார். எழுபது வயது. கடைசிக் காலத்தில் அவர் இன்னொன்றையும் பார்த்துவிட்டார். 1934-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி கல்கத்தா லீக்கை வென்றது. லீக் வென்ற முதல் இந்திய அணி அது. 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் அதுவே வென்றது. பெங்களூரிலிருந்தும் ஆட்டக்காரர்களை வரவழைத்துச் சேர்த்த அணி. கல்கத்தாவில் லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும், அதனால் மழை நாள் என்றால் இந்திய அணிகள் தோற்பது வழக்கமாக இருந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. தரை ஈரமான நாட்களில் அதன் ஆட்டக்காரர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.