தருமானந்த கோசாம்பி: பாலி மொழியைப் பல்கலைக் கழகத்தில் ஏற்றிய பேரறிஞர்

தில்லிப் பல்கலைக் கழகத்தில் 1957 ஆம் ஆண்டு பௌத்த ஆய்வுத் துறை நிறுவப்பெற்றது. அதில் பேராசிரியராக விளங்கியவர் பி. வி. பாபட். புத்த ஜயந்தியை யொட்டி 1956 இல் தில்லியில் வெளியான ‘பௌத்தத்தின் 2500 ஆண்டுகள்’ என்னும் தொகுப்பு நூலைப் பதிப்பித்தவரும் இவரே. இவருக்குப் பூனாவில் பாலி கற்பித்த ஆசிரியரோ பட்டம் ஏதும் பெறாதவர். பள்ளியிலும் அதிகம் படியாதவர். அவரே தருமானந்த கோசாம்பி. திரிசரணத்தைப் பாலியில் ஓதும் நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

கோவாவில் சாங்க்வால் என்னும் சிற்றூரில் 1876 இல் அவர் பிறந்தார். பிறப்பால் பார்ப்பனர். குடும்பத்தின் தென்னந்தோப்பைப் பார்த்துக் கொள்வதே இளமையில் அவர் தொழிலாயிருந்தது. இளம் பருவத்திலேயே மணமும் நடந்தேறியது. ‘பாலபோத்’ என்னும் மராத்திச் சிறுவர் இதழில் வந்த புத்தர் வரலாறு அவர் உள்ளத்தைப் பற்றிக் கொண்டது. புத்தர் பெருமான் உண்மையில் கூறியது யாது என்று அறிய விரும்பினார். ஆனால் அதைக் கூறும் மூல நூல்களைக் கற்பிப்பார் அந்நாளில் அவர் நாட்டில் இலர். பெருமான் பிறந்த நாட்டிலேயே அவர்தம் மொழியைக் கற்க வழியில்லை! இதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் வேகின்றது.

1899 இல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். பூனா, காசி முதலிய இடங்களில் வடமொழி பயின்றார். காசியில் அன்னசத்திரத்துச் சோறே அவருக்கு உணவு. பின்னர் நேபாளம் சென்றார், புத்தகயையை அடைந்தார், 1902 இல் இலங்கையை எய்தி, கொழும்பு வித்தியோதயப் பிரிவெனாவில் சுமங்கல மகாதேரரிடம் பாலி கற்று, சாமணேரராகத் துவராடை ஏற்றார். அங்கிருந்து சென்னைக்கு வந்து மகாபோதி சங்கத்தாருடன் தங்கினார். பிற்காலத்தில் தொழிலாளர் தலைவராகப் புகழ்பெற்ற ம. சிங்காரவேலரின் நட்பு அப்போதுதான் அவருக்கு வாய்த்தது. இத்தகையவர் நம் நகரத் தெருக்களில் நடந்து சென்றார் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. பின்னர்ப் பர்மாவில் பிக்குகளிடையே வாழ்ந்து தியானம் பயின்றார். 1906 இல் மீண்டும் இல்லறத்தாராகிக் கல்கத்தாவில் பாலி ஆசிரியர் பணியை ஏற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்கத்தாவில் நல்ல ஊதியம் கிடைத்தது. அதே வேளையில் பரோடா மன்னர் கெய்க்வாட், மகாராட்டிர நகரம் ஏதேனும் ஒன்றில் வாழ்ந்து நூல் எழுதினால் திங்களுக்கு 50 ரூபாய் தருவதாகக் கூறினார். தம் மக்களுக்குத் தம்மத்தை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்னும் வேட்கையால் கோசாம்பி பெரும் ஊதியத்தை விட்டு ஐம்பதைத் தேர்ந்தார். வாரக் கூலியை எண்ணி வாங்கிக் காலந்தள்ளிய நமக்கு, குடும்பம் உடைய ஒருவர் இவ்வாறு செய்வது எத்துணைக் கடிது என்பது தெரியும். அவர் முயற்சியாலும், ஆர். ஜி. பண்டார்க்கர் போன்றோர் துணையாலும், பம்பாய்ப் பல்கலைக் கழகம் பாலியைப் பாடமாக ஏற்றது.

1910 இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக் கழகம் அவரை அழைத்தது. புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கத்தை ஹென்றி கிளார்க் வாரன் என்பவர் பதிப்பிக்கத் தொடங்கி, முடிக்குமுன் 1899 இல் மறைந்திருந்தார். அப்பணியை நிறைவு செய்யவே கோசாம்பி சென்றார். நூலில் எவர் பெயர் எவ்விடத்தில் நிற்பது என்பதில் பேராசிரியர் லான்மனோடு பிணக்கு நேர்ந்தது. உழைப்பைப் பிறர் கணக்கில் எழுத இசையாது 1912 இல் திரும்பி விட்டார். அது சரியே என்பது நம் துணிபு. பூனா பெர்குசன் கல்லூரியில் ஆறாண்டு பாலி கற்பித்தார். பாபட் பயின்றது இக்காலத்தில்தான். மேலும் மும்முறை ஹார்வர்டு சென்று 1932 இல் பணியை முடித்தார். இடையே குஜராத் வித்தியாபீடத்திலும், ருசிய நாட்டு லெனின்கிராடிலும் தொண்டு செய்தார். 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறையும் புகுந்தார்.

அவருடைய வரலாற்று ஆய்வில் நமக்கு மிகவும் வேண்டியது ஒன்றுண்டு. கிழவர், நோயாளி, பிணம், துறவி ஆகிய நால்வரைக் கண்டதால் சித்தார்த்தர் துறந்தார் என்று கதை வழங்குகிறது. சேரிகளில் இக்கதையை நாம் சொல்லும்போது, இருபத்தொன்பது வயது வரை கிழவரையே காணாதவர் உண்டோ என்று இளைஞர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கோசாம்பி நிக்காயங்களை ஆய்ந்து, மகாபதான சுத்தத்தில் இக்கதை விபஸ்ஸி என்னும் பண்டைப் புத்தர் மீதே கூறப்படுகிறது, கோதமர் மீது அன்று என்று காட்டினார். சுத்தநிபாதத்தின் அத்ததண்ட சுத்தத்தில், மக்கள் ஒருவரை யொருவர் எதிர்த்து ஆயுதம் ஏந்துவது கண்டு அச்சம் தோன்றியதாகப் பெருமானே கூறுவதை எடுத்துக் கொண்டார். ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் பொருத பூசலே துறவின் பின்னணி என்று கருதி, ‘போதிசத்துவர்’ என்னும் நாடகமும் எழுதினார். 1957 இல் வெளிவந்த பாபாசாகேப் அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலும் இந்தப் பூசலையே துறவுக்குக் காரணமாகக் கூறுகிறது. உலகத்தை வெறுத்து ஓடியவர் அல்லர் நம் பெருமான். உலகத்துச் சண்டையைத் தீர்க்க வழி தேடியவர்.

இத்துணை கற்ற அறிஞர் முதுமையில் எங்கே வாழ்ந்தார்? பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பரேலில், 1937 இல் எழுந்த பகுஜன விகாரத்தில்! சங்கூதும் ஓசைக்கு எழுந்து ஓடும் மக்களிடையே தம்மத்தை வைத்த அச்செயலை ஹார்வர்டு பணியினும் மேலாக நாம் மதிக்கிறோம்.

நோய் முற்றியபின் உணவை நீத்து, 1947 ஜூன் 4 அன்று சேவாகிராமத்தில் உயிர் துறந்தார். இம்முறை பார்சுவநாதர் நெறியை ஒட்டியது. மத்திம மார்க்கத்தாராகிய நாம் இதைப் பின்பற்றத் தக்கதாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் பிறருக்குச் சுமையாகாதிருக்க எண்ணிய அவர் உள்ளத்தை உணர்கிறோம்.

விசுத்திமக்கப் பதிப்பு 1950 இல் ஹார்வர்டு வரிசையில் வெளிவந்தது. வாரன் பெயரோடு கோசாம்பியின் பெயரும் அதில் அச்சேறியது. அவர் மராத்தியில் எழுதிய ‘பகவான் புத்தர்’ என்னும் நூலைத் தில்லிச் சாகித்திய அகாதெமி பல மொழிகளில் பெயர்த்து வெளியிட்டது. தமிழிலும் அது உண்டு.