திரையில் வில்லன், வீட்டில் சாமி: மனசையும் உடம்பையும் காத்த நம்பியார்

எம்.ஜி.ஆர். படம் ஓடிய கொட்டகைகளில் அதிகம் திட்டு வாங்கியவர் எம்.என்.நம்பியார். அவர் கையைப் பிசைந்து, கண்ணை உருட்டினால் போதும், தரை டிக்கெட்டில் இருந்த தாய்மார்கள் சாபம் விடுவார்கள். ஒருநாள், இரண்டு நாள் அல்ல. பல வருஷம் இதே கதைதான்.

கொலை, சூழ்ச்சி, குடி, பெண் பித்து என்று தினமும் நடித்தால் மனசு என்ன ஆகும்? வேஷம் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா? நம்பியார் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

கேரள மாநிலம் கண்ணூர் பகுதியில் 1919-ம் ஆண்டு மார்ச் 7-ந்தேதி பிறந்தவர் இவர். சிறு வயதிலேயே நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே நடிப்போடு கட்டுப்பாடும் பழகியது. 1935-ல் 'பக்த ராமதாஸ்' படத்தில் சினிமாவுக்கு வந்தார்.

1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யில் ராஜகுரு வேஷம் போட்டு மிரட்டினார். அப்புறம் 'சர்வாதிகாரி', 'எங்க வீட்டுப் பிள்ளை', 'ஆயிரத்தில் ஒருவன்' என்று வில்லன் வேஷங்கள் வரிசை கட்டி நின்றன.

கெட்ட பழக்கம் கிடையாது

படத்தில் கையில் மதுக் கோப்பை இருக்கும். நிஜத்தில் குடி கிடையாது, சிகரெட் கிடையாது. சைவச் சாப்பாடுதான், அதுவும் மனைவி கையால் சமைத்தது என்றால்தான் திருப்தி. உடற்பயிற்சியையும் விடமாட்டார். கத்திச்சண்டைக்கு உடம்பு வளைந்து கொடுத்தது சும்மா இல்லை.

மனசுக்கு மருந்து சபரிமலை. நவாப் ராஜமாணிக்கம் காட்டிய வழியில் மலை ஏறத் தொடங்கியவர், 60 வருஷத்துக்கும் மேலாகப் போய் வந்தார். பக்தர்கள் அவரை மகா குருசாமி என்றே அழைத்தார்கள். ரஜினிகாந்த், கன்னட நடிகர் ராஜ்குமார் போன்றவர்களும் அவரோடு மலைக்குப் போனவர்கள்தான். ஊரே திட்டிய வில்லனின் காலில் விழுந்து, பெரிய நடிகர்களே ஆசி வாங்கினார்கள்.

1982-ல் 'தூறல் நின்னு போச்சு' படத்தில் பாக்யராஜுக்கு குஸ்தி வாத்தியாராக வந்தார். அப்போது அவருக்கு வயது 63. அந்த வயதிலும் அந்த வேஷம் கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை நாள் சாபம் விட்டவர்களும் கை தட்டினார்கள்.

வில்லன் வேஷம் போடும் நடிகர்களுக்கு நம்பியார் வாழ்க்கை ஒரு பாடம். வேஷத்தை மேக்கப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும். சாப்பாடு, பயிற்சி, பக்தி அல்லது மனசுக்குப் பிடித்த வேறு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும்.

2008-ம் ஆண்டு நவம்பர் 19-ந்தேதி சென்னையில் நம்பியார் காலமானார். வயது 89. அது கார்த்திகை மாதம், பக்தர்கள் மாலை போட்டு சபரிமலைக்குக் கிளம்பும் நேரம் என்பது குறிப்பிடத்தக்கது.