பாட்டைத் தேடி வந்த பாக்கே

(பத்தாம் வகுப்பு மாணவி, செல்லூர்)

மன்னர்கள் தம் புகழைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். புலவர்கள் தம் பாட்டை ஓலையில் எழுதி வைத்தார்கள். ஆனால் நாற்று நட்ட பெண்ணின் பாட்டையும், தொட்டில் ஆட்டிய தாயின் தாலாட்டையும் யார் பாதுகாத்து வைத்தார்கள்? சொற்களையாவது எழுதிவிடலாம். குரலை எழுத முடியுமா? அந்தக் குரல்களைச் சேகரிப்பதற்காகவே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தவர் ஆர்னால்ட் பாக்கே என்னும் அறிஞர்.

இவர் 1899-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், ஹாலந்து நாட்டிலுள்ள ஹில்வர்சம் என்ற ஊரில் பிறந்தார். லெய்டன் பல்கலைக்கழகத்தில் கீழ்த்திசை மொழிகளைப் பயின்றார். இயற்கையிலேயே இனிய குரல் வாய்த்தவர். இந்திய இசையை நேரில் கற்க வேண்டும் என்ற ஆவலால், 1925-இல் மகாகவி தாகூரின் சாந்திநிகேதனுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய துணைவியார் கொர்னேலியாவும் உடன் வந்தார். அங்கே தினேந்திரநாத் தாகூரிடமும் பீம்ராவ் சாஸ்திரியிடமும் பாக்கே இசை பயின்றார். பிறகு தாய்நாடு திரும்பி, சங்கீத தர்ப்பணம் என்ற பழைய வடமொழி இசை நூலை ஆராய்ந்து 1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மேலை நாட்டு அரங்குகளில் தாகூரின் பாடல்களைத் தாமே பாடிக் காட்டினார். அவற்றுள் 26 பாடல்களை இசைக் குறிப்புடன் 1935-இல் நூலாகவும் வெளியிட்டார்.

இத்துடன் நின்றிருந்தால் பாக்கே பல பேராசிரியர்களுள் ஒருவராக மட்டுமே இருந்திருப்பார். ஆனால் ஏட்டில் உள்ள இசை ஒன்று. நாட்டில் உள்ள இசை ஆயிரம் என்பதை அவர் கண்டுகொண்டார். 1931-இல் மீண்டும் இந்தியா வந்தபோது, மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவி அவருடன் வந்தது. பாடுபவர் ஒரு புனலுக்கு முன் நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வால் ஊசி அசைந்து, சுழலும் மெழுகில் கோடு கீறும். ஓர் உருளையில் சில நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். வெயில் பட்டால் மெழுகு இளகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். திரும்பத் திரும்பக் கேட்டால் கோடு தேய்ந்துவிடும். இத்தனை இடையூறுகளுக்கு நடுவில் வங்காளத்திலும் நேபாளத்திலும் அவர் மக்களின் பாடல்களைப் பதிவு செய்தார். அந்த உருளைகள் பெர்லின் நகரத்து ஒலிக் காப்பகத்துக்குச் சென்றன.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இத்தகைய தொண்டு நடந்தது. 1933-இல் ஜான் லோமாக்ஸ் என்பவரும் அவர் மகன் ஆலனும் காரில் கனமான பதிவுக் கருவியை ஏற்றிக்கொண்டு தென் மாநிலங்களில் சுற்றினார்கள். சிறைச்சாலைகளிலும் பண்ணைகளிலும் கறுப்பின மக்கள் பாடிய துயரப் பாடல்களைப் பதிவு செய்தார்கள். லெட்பெல்லி என்ற பாடகரை உலகம் அறிந்தது அவ்வாறுதான். எளியவர் பாட்டும் பாட்டே என்பதை உலகின் இரு கோடிகளிலும் ஒரே சமயத்தில் உணர்ந்தார்கள் என்பது வியப்புக்குரியதன்றோ!

1937-இல் பாக்கே மூன்றாம் முறையாக இந்தியா வந்தார். 1938-இல் நம் தென்னாட்டுக்கு வந்து, இன்றைய தமிழ்நாடு, கேரளம், கர்நாடகப் பகுதிகளில் ஊர் ஊராகச் சுற்றினார். இம்முறை மெழுகுக்குப் பதிலாக, நீண்ட நாடாவில் ஒலியைக் கீறும் டெஃபி என்ற கருவியைக் கொண்டு வந்தார். ஆட்டங்களையும் சடங்குகளையும் ஊமைப் படமாக எடுத்தார். நீலகிரியில் வாழும் கோத்தர்களின் இசையையும் பதிவு செய்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இங்கேயே தங்கினார். 1948 முதல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வுப் பள்ளியில் இந்திய இசை கற்பித்தார். 1963 அக்டோபர் 8-ஆம் நாள் மறைந்தார்.

ஆனால் அவர் தொண்டு மறையவில்லை. அவருடைய மாணவர் நசீர் ஜைராஸ்பாய், 1984-இல் ஏமி கேட்லின் என்ற ஆய்வாளருடன் தென்னாட்டுக்கு வந்தார். ஆசிரியர் சென்ற ஊர்களைத் தேடிச் சென்று, பழைய படங்களையும் பாடல்களையும் அவ்வூர் மக்களுக்கே போட்டுக் காட்டினார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் எடுத்துச் சென்ற பாட்டு, பாடிய மண்ணுக்கே திரும்பி வந்தது! சில கலைகள் நிலைத்திருந்தன, சில உருமாறியிருந்தன, சில நலிந்து போயிருந்தன. பாக்கே பதிந்திராவிட்டால் எது மாறியது, எது மறைந்தது என்பதை யார் அறிவார்?

அன்புத் தோழியரே! எங்கள் செல்லூர் ஒரு காலத்தில் தறி ஓசை நிறைந்த ஊர். பாவு ஓட்டிய கைகளும் தொட்டில் ஆட்டிய கைகளும் ஒன்றே. அக்கைகளுக்கு உரிய பாட்டிமார்கள் பலர் இன்று இல்லை. அவர்கள் பாட்டும் இல்லை. இருக்கும் சிலருடைய பாட்டும் நம் காலத்தோடு போய்விடலாமா? பாக்கே சுமந்து அலைந்த கருவி இன்று கைபேசியாக வீட்டுக்கு வீடு இருக்கிறது. கடல் கடந்து போகத் தேவையில்லை. அடுப்படி வரை போனால் போதும். இந்த விடுமுறையில் நம் பாட்டியிடம் ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்வோம். பாடியவர் பெயரையும், ஊரையும், நாளையும் மறவாமல் குறித்து வைப்போம். பாக்கே என்ற பெருமகனுக்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.