ஆறுமுக நாவலர்: பைபிளை மொழிபெயர்க்க உதவியவர் கோயிலில் பிரசங்கம் தொடங்கியது ஏன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகிறீர்கள். பூஜை முடிந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் சமயச் சொற்பொழிவு செய்கிறார். பக்கத்து அறையில் பிள்ளைகளுக்கு சமய வகுப்பு. கையில் கேள்வி-பதில் வடிவில் ஒரு சின்னப் புத்தகம். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வளர்ந்தவர் என்றால் இதெல்லாம் உங்களுக்குப் பழகிய காட்சி. காலங்காலமாக நம் கோயில்களில் இப்படித்தான் நடக்குது என்றுகூட நினைத்திருப்பீர்கள்.

ஆனால் இந்த வடிவத்துக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. இடம், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயில். பேசியவருக்கு அப்போது வயது 25. அவர் வேலை பார்த்ததோ ஒரு கிறிஸ்தவ மிஷன் பள்ளியில்.

அவர்தான் பின்னாளில் ஆறுமுக நாவலர் என்று அறியப்பட்டவர்.

அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

கதையைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குப் போய்க் குடியேறிய பியூரிட்டன்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருக்கலாம். சிலை, படம், ஆடம்பரச் சடங்கு எதுவும் அவர்களுக்கு ஆகாது. வழிபாட்டின் மையமே பிரசங்கம்தான். போதகர் வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து மணிக்கணக்கில் விளக்குவார். வேதத்தை ஒவ்வொருவரும் தானே வாசிக்க வேண்டும் என்பதால் எல்லாருக்கும் எழுத்தறிவு அவசியமானது. 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்று 1647இல் அங்கே சட்டமே போட்டார்கள்.

அந்த மரபில் வந்த சபையினர்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள். வந்த இடத்திலும் அதே வழிதான்: பள்ளிக்கூடம், அச்சகம், பிரசங்கம். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கான செமினரி, 1824இல் உடுவிலில் பெண்கள் பள்ளி, 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'உதயதாரகை' பத்திரிகை. இவர்களோடு பிரிட்டிஷ் வெஸ்லியன் மெதடிஸ்ட்டுகளும் ஆங்கிலிக்கன் மிஷனரிகளும் இருந்தார்கள்.

ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம். ஆங்கிலம் படிக்க மிஷன் பள்ளி. அங்கே போனால் பைபிள் வகுப்பும் பிரசங்கமும். ஒரு சைவக் குடும்பத்துக்கு இது லேசான முடிவா என்ன?

மொழிபெயர்ப்பு மேசையில்

நாவலர் 1822 டிசம்பர் 18 அன்று நல்லூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஆறுமுகம். தமிழ் இலக்கணமும் சைவ நூல்களும் ஒருபக்கம், வெஸ்லியன் மிஷனின் ஆங்கிலப் பள்ளி இன்னொரு பக்கம். அந்தப் பள்ளியின் தலைவர் பீட்டர் பெர்சிவல். மாணவரின் திறமையைப் பார்த்து அவரையே ஆசிரியராக வைத்துக்கொண்டார். பைபிளைத் தமிழாக்கும் வேலையிலும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

1840களில் பல வருடங்கள் இது நடந்தது. நாவலர் மதம் மாறவில்லை. பெர்சிவலும் அதை நிபந்தனையாக்கவில்லை. இருவருக்கும் இடையே இருந்த மரியாதை உண்மையானதாகவே தெரிகிறது. அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளியானது. ஆனாலும் தமிழ்நாட்டுச் சபைகளில் அது பெரிதாக நிலைக்கவில்லை.

நாவலருக்கு அந்த மேசை வேறொன்றைக் கொடுத்தது. பைபிளை வரி வரியாகப் படித்தார். மிஷனரிகள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி அச்சடிக்கிறார்கள், எப்படிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். பள்ளி வேலையில் இருக்கும்போதே கோயில் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இல் வேலையை விட்டார்.

என்ன பேசினார்?

அதுவரை கோயில்களில் புராணபடனம் இருந்தது. ஒருவர் செய்யுளைப் படிப்பார், இன்னொருவர் பொருள் சொல்வார். நாவலர் செய்தது வேறு. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, சாதாரண ஆட்களுக்குப் புரியும் உரைநடையில், வாராவாரம் வெள்ளிக்கிழமை பேச்சு. அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினார்கள்.

தலைப்புகளைப் பாருங்கள்: கொல்லாமை, கள் குடிப்பதன் கேடு, பிறன்மனை நாடுதல், தானம், சிவலிங்க வழிபாடு, கடவுள் ஒருவரே என்பது. பாதியை ஒரு பியூரிட்டன் போதகரிடம் கொடுத்திருந்தால் அவரும் தயங்காமல் பேசியிருப்பார்! லிங்க வழிபாடு வரும்போதுதான் எழுந்து போயிருப்பார்.

அந்த இடத்தில்தான் நாவலரின் பைபிள் படிப்பு வேலை செய்தது. விளக்கு, தூபம், நைவேத்தியம், தீட்டு எல்லாம் மூடநம்பிக்கை என்பது மிஷனரிகளின் குற்றச்சாட்டு. 1854இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' நூல், அதே மாதிரியான சடங்குகள் பழைய ஏற்பாட்டில், எருசலேம் ஆலய வழிபாட்டில் இருப்பதை எடுத்துக் காட்டியது. உங்கள் வேதத்திலேயே இருக்கிறதே, பிறகு எங்களை எப்படிக் குறை சொல்வீர்கள் என்பதுதான் வாதம். வெளியிலிருந்து திட்டும் ஒருவரால் இதை எழுதியிருக்க முடியாது.

1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849இல் தமிழ்நாடு போனபோது திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது. அச்சு இயந்திரம் வாங்கித் திரும்பினார். பாலபாடம், பெரியபுராண வசனம், சைவ வினாவிடை என்று புத்தகங்கள் வந்தன. அந்த வினாவிடை வடிவம் மிஷன் பள்ளிகளின் ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து எடுத்தது. உங்கள் சமய வகுப்புக் கேள்வி-பதில் புத்தகத்தின் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி. திருமணம் செய்துகொள்ளவில்லை.

கசப்பான பக்கம்

இவரை வெறும் ஹீரோவாகச் சொல்லி முடித்தால் அது பாதிக் கதை. நாவலர் சாதி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டவர், எழுத்திலும் ஆதரித்தவர். மிஷன் பள்ளிகளும் சாதிப் பழக்கத்தோடு பல இடங்களில் சமரசம் செய்தன என்பது உண்மைதான். ஆனாலும் அவற்றின் கதவு நாவலரின் பள்ளிக் கதவைவிட அகலமாகத் திறந்திருந்தது. சைவக் கல்வி என்று அவர் கட்டியது யாருக்கான கல்வி என்ற கேள்வி அவரை இன்றும் விடவில்லை, விடவும் கூடாது.

வள்ளலார் ராமலிங்க அடிகளோடும் மோதினார். அடிகளின் பாடல்களைத் திருமுறை போல அருட்பா என்று அழைப்பதை எதிர்த்தார். விஷயம் 1869இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. மலேசியாவில் வள்ளலார் பாடல்களும் நாவலர் பாணி வகுப்பும் ஒரே மண்டபத்தில் நடப்பதைப் பார்த்தால் இருவரும் என்ன நினைத்திருப்பார்களோ!

1870களின் பிற்பகுதியில் பஞ்சம் வந்தபோது யாழ்ப்பாணத்தில் கஞ்சித் தொட்டி நடத்தினார். 1879இல் சட்டசபை உறுப்பினர் பதவிக்குப் பொன்னம்பலம் ராமநாதனை ஆதரித்துக் கூட்டம் கூட்டினார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று காலமானார்.

கோலாலம்பூருக்கு எப்படி வந்தது?

நாவலர் மலாயா வரவில்லை. கோலாலம்பூர்-கிள்ளான் ரயில் பாதையே 1886இல்தான் திறக்கப்பட்டது. அந்த ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் தெரிந்த கிராணிகள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பலர் மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், நாவலர் புத்தகங்களோடு வளர்ந்த சைவர்களும் இருந்தார்கள்.

ரயில்வே குடியிருப்பு இருந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அந்தச் சைவர்கள் 1900களின் தொடக்கத்தில் கட்டியதுதான் ஸ்காட் ரோடு ஸ்ரீ கந்தசுவாமி கோயில். நாவலரின் சொந்த ஊரான நல்லூர்க் கோயிலை மனதில் வைத்து எழுப்பியது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 1924இல் எழுந்த சீயோன் லூத்தரன் ஆலயம். அங்கேயும் தமிழில் பிரசங்கம், ஞாயிற்றுக்கிழமை.