காட்டு மரபைக் காத்த ஜானகி அம்மாள்

பாலக்காட்டுக் கணவாய்க்கு இப்பால் கோவை. அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம். தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள் 1934-இல் அங்கே பணியேற்றார். பெண்களுக்குக் கல்லூரிக் கல்வியே அரிதாயிருந்த நாளில், சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர்.

உயிரணுவுக்குள் மரபைச் சுமக்கும் குரோமோசோம்களை அம்மையார் ஆராய்ந்தார். ஆற்றங்கரையில் தானே வளரும் பேய்க்கரும்பில் இனிப்பு இல்லை. ஆனால் நோய் தாங்கும் வலிமை உண்டு. அதைத் தோட்டக் கரும்போடு கலந்தே நம் மண்ணுக்கேற்ற வகைகள் பிறந்தன. அந்த ஓரினத்துக்குள்ளேயே குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடும். அவ்வேறுபாடே நாளைய பயிருக்கு வித்து.

பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம் எழுந்தது. எண்பதைத் தொட்ட அம்மையார் அதனை எதிர்த்து நின்றார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். மூழ்கிய மரபு மீண்டும் முளைக்காது என்பதை அறிந்தவர் அல்லவா?

1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் அம்மையார் மறைந்தார்; அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நாளைக் காண அவர் இல்லை. நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் கற்றதற்காக வெளியே வந்து வாதாடுவதும் கல்வியின் கடமையே!